ஊரை விட்டு வந்தவரின் பெயரில் ஊர்

இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்த தம்பிக்கு,

எழுத்துக் கூட்டி 'லெய்செஸ்டர்' என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை, இங்கே ஊர்ப் பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மேனேஜரின் குடும்பப் பெயரான ஆப்பிள்பியும் ஊர்ப் பெயர்தானா, அப்படியானால் அவர்கள் ஜமீன் வம்சமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. முதல் வருடம் முழுக்க இதே கேள்விகளோடுதான் திரிந்தேன்.

முதலில் உச்சரிப்பு. ரோமானியர்களின் படைமுகாமுக்கு லத்தீனில் 'காஸ்ட்ரா' என்று பெயர். அவர்கள் விட்டுப்போன கோட்டை நகரங்களை ஆங்கிலேயர்கள் அந்தச் சொல்லை வைத்தே அழைத்தார்கள். மான்செஸ்டர், வின்செஸ்டர், லங்காஸ்டர் எல்லாம் அப்படி வந்தவைதான். நம் லெஸ்டரிலும் ரோமானியச் சுவர் ஒன்று இன்னும் நிற்கிறது, ஜூரி வால் என்பார்கள், போய்ப் பாருங்கள். பேச்சில் தேய்ந்துபோன ஒலிகள் எழுத்தில் மட்டும் தங்கிவிட்டன. அதனால்தான் லெஸ்டர், க்ளாஸ்டர், வூஸ்டர். Loughborough என்று எழுதுகிற பக்கத்து ஊர், பேச்சில் லஃப்பரா. பெல்வாய்ர் கோட்டையை 'பீவர்' என்றுதான் சொல்ல வேண்டும். அது பிரெஞ்சில் 'அழகிய காட்சி'.

அடுத்தது உங்கள் ஆப்பிள்பி. அதன் கடைசியில் வரும் 'பி'தான் இந்த வட்டாரத்தின் கதையே. பஸ்ஸின் நெற்றியில் ஓட்பி, பிளேபி, எண்டர்பி என்று பார்த்திருப்பீர்கள். டென்மார்க் பக்கமிருந்து வந்த டேனியர்களின் பெரும்படை 865-இல் இங்கிலாந்தில் இறங்கியது. 877-இல் இந்தப் பக்கத்து நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டு உழ ஆரம்பித்தார்கள். அவர்கள் மொழியில் 'பி' என்றால் பண்ணை, ஊர். இன்று ஏ5 என்கிற பழைய ரோமானியச் சாலைதான் அப்போது ஒரு நீளத்துக்கு டேனியர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் எல்லை. அதைத் தாண்டித் தென்மேற்கே காரில் போனால் 'பி' ஊர்கள் சட்டென்று குறைந்துபோகும். ஆயிரம் வருடத்துக்கு முன் யார் எங்கே குடியேறினார்கள் என்பதை வழிகாட்டிப் பலகைகளிலேயே படிக்கலாம். எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும் விஷயம் அது.

ஆங்கிலேயர்கள் வைத்த பெயர்களில் 'டன்' என்றால் பண்ணை, 'ஹாம்' என்றால் குடியிருப்பு, 'லி' என்றால் காட்டுக்குள் வெட்டவெளி, 'ஃபோர்ட்' என்றால் ஆற்றைக் கடக்கும் துறை. ஆஷ்பி-டி-லா-ஸூச் என்று ஓர் ஊர் இருக்கிறது. மரத்தின் பெயர், அதோடு டேனியர்களின் 'பி', பின்னால் அந்த ஊருக்குப் பிரபுவாக வந்த லா ஸூச் குடும்பத்தின் பெயர். அங்கே குடும்பப் பெயர் ஊருக்குப் போயிருக்கிறது. மனிதர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

ஜமீன் வம்சமா என்றால், அப்படியும் இருக்கலாம். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்த பிறகு நிலப்பிரபுக்கள்தான் முதலில் தங்கள் ஊரைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் ஒருவர் 12-ஆம் நூற்றாண்டில் வடகிழக்கில் உள்ள வாஷிங்டன் என்ற ஊரைப் பெற்று, அதையே பெயராக்கிக்கொண்டவர். ஆனால் சாதாரண ஜனங்களுக்கு வேறு வழியில் வந்தது. ஆப்பிள்பியிலேயே இருக்கிறவனை 'ஆப்பிள்பிக்காரன்' என்று கூப்பிட்டு என்ன பயன்? அங்கே எல்லோரும் அதே ஊர்தானே. பிழைப்புக்காக அவன் வேறு ஊருக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு வேலை வருகிறது. அவனுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அந்த ஊரைப் பார்க்காமலேயே, அதைச் சுமந்தார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு ஊரோடு சேர்ந்த பெயர் நிலைத்ததும் வெளியூர்களில் பாடித்தானே? நமக்கு அது ஒரு தலைமுறையோடு நின்றுவிடும், இவர்களுக்கு வம்சத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஆகவே இங்கே ஊர்ப் பெயர் கொண்ட ஒருவரைப் பார்த்தால், அவருடைய முன்னோர் யாரோ ஒருவர் நம்மைப் போலவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வந்த புதிதில் ஆஸ்பத்திரியில் என் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அந்நியமாகத் தோன்றும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த உறுத்தல் எனக்குப் போய்விட்டது.

அப்புறம், ஆப்பிள்பி என்று ஒரே ஓர் ஊர் இல்லை. நம் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆப்பிள்பி மாக்னா இருக்கிறது, வடக்கே கம்ப்ரியாவில் இன்னொன்று, லிங்கன்ஷயரில் ஒன்று. உங்கள் மேனேஜர் எந்த ஆப்பிள்பி என்று கூச்சப்படாமல் அவரிடமே கேளுங்கள்.