உணவு வேதியியல், நச்சியல் ஆராய்ச்சிக்குப் போனால் வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதினைந்து வருடமாக இந்தத் துறையில்தான் குப்பை கொட்டுகிறேன் என்பதால் சொல்கிறேன்: பாதி நாள், கருவி காட்டும் எண்ணை நம்பலாமா என்று பார்ப்பதிலேயே போகும்.

முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடம். சமையல் எண்ணெயில் தாலேட் (பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கும் சேர்மம்) இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். எல்லா மாதிரியிலும் அழகான பீக் (தேடும் பொருள் இருந்தால் கருவியின் வரைபடத்தில் எழும் முகடு). கட்டுரை தேறிவிட்டது என்று ஒரே சந்தோஷம். வழிகாட்டி தாளைப் புரட்டிவிட்டு, "பிளாங்க் எங்கேப்பா?" என்றார். எண்ணெயே இல்லாமல் வெறும் கரைப்பானை அதே வழியில் ஓட்டினேன். அதே பீக், ஏறக்குறைய அதே உயரம்! கண்ணாடிக் குப்பி, வடிதாள், கரைப்பான் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், கரைப்பானை உலர்த்த நைட்ரஜன் வரும் பிவிசி குழாயிலிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது. நான் அளந்ததில் பெரும்பங்கு எங்கள் ஆய்வகத்தின் தாலேட்.

இதே மாதிரி ஒரு தொல்லையைத் தூக்கிப் போடாமல் துரத்தியதில்தான் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று வந்தது. 1997-இல் ஸ்வீடனில் ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கம் தோண்டும்போது, நீர்க்கசிவை அடைக்கப் போட்ட கலவையிலிருந்து அக்ரிலமைடு (நரம்பைத் தாக்கும் நச்சுச் சேர்மம்) ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் முடங்கின. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக, சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் ஹீமோகுளோபினில் அக்ரிலமைடின் தடயம்! ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மார்கரேட்டா டோர்ன்க்விஸ்ட் குழுவினர் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனார்கள். எலிகளுக்கு வறுத்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள், தடயம் கூடியது. 2002-இல் விஷயம் உலகுக்கே தெரிந்தது: உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பொருளை 120 டிகிரிக்கு மேல் வறுத்தாலோ சுட்டாலோ, அதிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது. தண்ணீரில் வேகவைத்தால் அநேகமாக உண்டாவதே இல்லை.

நச்சியல் பக்கம் வேலை இன்னும் மெதுவாக நடக்கும். விலங்குகளில் எந்தத் தீங்கும் தென்படாத அளவைக் கண்டுபிடித்து, வழக்கமாக அதை 100-ஆல் வகுத்துத்தான் மனிதருக்கான தினசரி அளவைச் சொல்வார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு பத்து. இதை விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர், "அப்போ சாப்பிடலாமா, கூடாதா?" என்பார். எந்தப் பந்தியிலும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

நிரந்தர வேலை கிடைக்கத் தாமதமாகும், நிதிக்கு எழுதி எழுதிக் கை ஓயும். அது எல்லா ஆராய்ச்சியிலும் உள்ளதுதான். பகுப்பாய்வு வேதியியலையும் புள்ளியியலையும் மட்டும் நன்றாகப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம், சேருமுன் ஒருநாள் அந்த ஆய்வகத்துக்குப் போய், நிறைமாலைமானி (மூலக்கூறுகளை எடைபார்த்து அடையாளம் காட்டும் கருவி) மாதத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, எத்தனை நாள் பழுதாகிக் கிடக்கிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். பேராசிரியரைக் கேட்டால் தினமும் ஓடுகிறது என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.