வாக்குப் போட்டால் போதாதா, கலந்துபேசி முடிவெடுப்பது எதற்கு?

வாக்கு, நம் மனதில் ஏற்கெனவே இருக்கிற விருப்பத்தை எண்ணுகிறது. கலந்துபேசும்போது அந்த விருப்பமே மாறலாம். வித்தியாசம் அதுதான்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் லிஃப்ட் பழுதானது. கீழ்மாடிக்காரர்கள் காசு தர மறுத்தார்கள். உடனே கைதூக்கச் சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நாலாம் மாடி அம்மா ஒருவர், கிளினிக் நாளில் மகன் தன்னைக் கதிரையோடு தூக்கி இறக்குவதைச் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கீழ்மாடிக்குப் பாதிப் பங்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சரி, ஒரு நாட்டுக்கு இது சாத்தியமா? அயர்லாந்தில் 2016இல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தெரிந்து, கருக்கலைப்புச் சட்டம் பற்றி வார இறுதிகளில் நிபுணர்களைக் கேட்டு, சிறு குழுக்களாகப் பேச வைத்தார்கள். அவர்கள் சட்டத்தை மாற்றப் பரிந்துரைத்தார்கள். 2018 மக்கள் தீர்ப்பில் 66.4 வீதத்தினர் அதை ஆதரித்தனர்.

நம் இலங்கையிலும் 2016இல் லால் விஜேநாயக்க தலைமையிலான குழு அரசியலமைப்பு பற்றி மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கருத்துக் கேட்டது. பெறுமதியான வேலை. ஆனால் மக்கள் குழுவிடம் சொன்னார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. யாழ்ப்பாணத்தாரும் மாத்தறையாரும் ஒரே மேசையில் இருந்து, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரும் இருந்திருந்தால்தான் அது உண்மையான கலந்துரையாடல். கொழும்பில் சிங்களத்தில் மட்டும் நடந்த கூட்டங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் வாய் திறக்காமல் எழுந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.