ஆறாவது எண் கவிழ்த்த கதை

கேள்வி: 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். எதை எடுத்தாலும், 1 கழித்து, வர்க்கப்படுத்தி, 1 கூட்டினால் அடுத்தது வந்துவிடுகிறது. அப்படியானால் ஆறாவதாக வரும் 4294967297-உம் பகா எண்தானே? 100 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றாலும் வகுபடவில்லை.

பதில்: இல்லை. 641-ஆல் வகுபடும். இதற்காக வெட்கப்படாதீர்கள். இந்த வரிசைக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவே 17-ஆம் நூற்றாண்டில் எல்லாம் பகா எண்கள்தான் என்று நம்பியவர். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் வந்து 641-ஐக் காட்டினார்.

ஆனால் உங்கள் 25 வகுத்தலும் வீண், ஐயா. இந்த எண்ணின் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். (நிரூபிக்க இங்கே இடமில்லை. ஃபெர்மாவின் பழைய சாக்குதான், நானும் பிடித்துக்கொள்கிறேன்.) 1-ஐ விட்டால், 100-க்குள் அப்படி இருப்பது 65 மட்டும், அதுவும் பகு எண். அதற்கு மேல் அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுவார். இந்தச் சூட்சுமம் தெரியாமல் வர்க்கமூலம் வரை போனால், 65536-க்குள் 6542 பகா எண்கள் காத்திருக்கின்றன.

வகுத்தலைக் கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் வேண்டாம். 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. அடுத்த 9-ஐ இறக்கினால் 4489. ஏழு முறை போய் மீதி 2. இப்போது 6-ஐ இறக்கினாலும் 26-தான், 7-ஐ இறக்கினாலும் 267-தான். ஈவில் இரண்டு பூஜ்யம் போட வேண்டிய இடம் இது. முதல் தடவை நான் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 670417 என்று எழுதி, பெருக்கிப் பார்த்தபோது விடை பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியிருக்க, ஆய்லர் மேலேயே சந்தேகப்பட்டேன்! கடைசியில் அதே 448 மறுபடி மீதியாக வரும். இம்முறை இறங்குவது 7. 4487-இல் 641 சரியாக ஏழு முறை. ஈவு 6700417. அது பகா எண், மேற்கொண்டு உடையாது.

கேள்வி: வகுக்காமலே இது பகு எண் என்று காட்ட முடியுமா?

பதில்: முடியும். ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். நம் எண் 65536² + 1² என்பது பிறப்பிலேயே தெரியும். 62264² + 20449² போட்டுப் பாருங்கள்: 3876805696 + 418161601. அதே எண்! போதாததற்கு, அந்த 20449-உம் ஒரு வர்க்கம், 143-இன் வர்க்கம்.