ஒத்திக்கு விட்ட வீட்டைக் கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் பூட்டுப் போட்டுவிடலாமா?

கேள்வியின் சாரம் இது. கீழக்கரையில் உள்ள வீட்டை 5 லட்ச ரூபாய்க்கு மூன்று வருட ஒத்தியாக, அதாவது வட்டிக்குப் பதில் குடியிருக்கும் அடமானமாக, கொடுத்திருக்கிறீர்கள். கெடு முடிந்துவிட்டது. பணத்தைத் தருகிறோம் என்றாலும் குடியிருப்பவர்கள் வெளியேறவில்லை, போதாக்குறைக்கு டைல்ஸ் போட்ட செலவையும் கேட்கிறார்கள். கரண்ட்டைத் துண்டித்துப் பூட்டலாமா, வீடு கைக்கு வந்ததும் மாடி எடுத்து யாத்திரிகர்களுக்கு விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூட்டாதீர்கள். வீடு உங்களுடையதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் குடியிருப்பவரைக் கோர்ட் உத்தரவு இல்லாமல் வெளியேற்றினால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் பிரிவு 6-ன் கீழ் அவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்பதைக் கோர்ட் பார்க்காது. இருந்தவரை முறையில்லாமல் வெளியேற்றினார்களா என்பது மட்டும்தான் கேள்வி. பூட்டுப் போட்ட அன்றே கையில் பணத்தோடு நியாயமாக நின்ற நீங்கள் எதிர்வாதியாகிவிடுவீர்கள். கரண்ட், தண்ணீர் விஷயமும் இப்படித்தான். வாடகை வீடாக இருந்தால் அதை நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது.

நீங்கள் சபரில் (வெளிநாட்டில்) இருக்கிறீர்கள், ஊரில் உம்மாவோ மச்சானோதான் பேச்சுவார்த்தை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் வேலையாக வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கம் வீடு பெரும்பாலும் பெண்மக்கள் பெயரில் இருக்கும். ஒத்திப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவர் கணவராகவோ அண்ணனாகவோ இருப்பார். அப்படியானால் உரிமையுள்ளவர் இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை என்று அர்த்தம். இது ஒரு வகையில் உங்களுக்குச் சாதகம். ஆனால் நோட்டீஸ் வீட்டு உரிமையாளரான அந்தப் பெண் அனுப்புவதாகத்தான் போக வேண்டும். தவறான ஆள் பெயரில் நோட்டீஸ் விட்டால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் பதிலே அதைப் பற்றித்தான் இருக்கும். உங்களுக்காக ஊரில் ஒருவர் செயல்பட வெளிநாட்டிலிருந்து பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்புவதானால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். இதை மறந்துவிட்டு, வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் செல்லாத பவரோடு நிற்பவர்கள் அதிகம்.

அடுத்து அந்தப் பேப்பரைக் கையில் எடுங்கள். உங்கள் வழி எது என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஒத்தி என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின்படி சுவாதீனத்துடன், அதாவது வீட்டை அவர் கையிலேயே விட்டு, வைக்கும் அடமானம். வட்டிக்குப் பதிலாக அவர் வீட்டில் குடியிருக்கிறார், அவ்வளவுதான். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள எந்த ஒத்தியும் இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்தால்தான் செல்லும். 5 லட்சத்துக்கு முத்திரைக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 20,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 5,000 ரூபாய். இந்த 25,000 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் ஊரில் பாதிப்பேர் சாதாரண முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்தி முடித்துக்கொள்கிறார்கள். "காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று இதற்குக் கீழேயே ஒருவர் எழுதுவார். பிரச்சினை வராதவரை பேப்பரே தேவையில்லை, உண்மைதான். ஆனால் பேப்பர் எழுதுவதே பிரச்சினை வரும் நாளுக்காகத்தானே.

பதியாத பேப்பர் என்றால் சட்டப்படி அங்கே ஒத்தியே இல்லை. அவர் தந்த 5 லட்சம் உங்கள் மேல் நிற்கும் கடன், அவர் இருப்பது நீங்கள் அனுமதித்ததால். நீங்கள் உரிமையாளர் என்ற அடிப்படையில் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டு, பணத்தைத் திருப்பித் தரத் தயார் என்று மனுவிலேயே சொல்ல வேண்டும். பணத்தை மறுத்துவிட்டு வீட்டை மட்டும் கேட்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நியாயமும் இல்லை, கோர்ட்டில் எடுபடவும் செய்யாது.

பதிந்த ஒத்தி என்றால் வழி இன்னும் தெளிவு. "குறித்த கெடுவில் மீட்காவிட்டால் இதையே கிரயமாகக் கொள்ள வேண்டியது" என்று ஒரு வரி சில பத்திரங்களில் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீட்கும் உரிமையைப் பறிக்கும் அந்த வரி செல்லாது. இந்த வகை ஒத்தியில் முப்பது வருடம் ஆகிவிட்டது என்பதை மட்டும் வைத்து மீட்பு உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே "நாளாகிவிட்டது, இனி உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று மிரட்டினால் அது வெறும் மிரட்டல்தான்.

பணத்தைக் கொடுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரொக்கமாகக் கொண்டுபோய் வாசலில் நின்று, அவர்கள் வாங்கவில்லை என்று திரும்பி வந்தால் அதற்குச் சாட்சி கிடையாது. அதோடு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கடனை ரொக்கமாக வாங்குவதும் திருப்பித் தருவதும் வருமான வரிச் சட்டத்தில் தடை. அபராதம் அந்தத் தொகை அளவுக்கே போகலாம். அவர் பெயருக்கு வங்கியில் டிடி (வரைவோலை) எடுங்கள். டிடி எண்ணைக் குறிப்பிட்டு, தேதி கொடுத்து, வந்து வாங்கிக்கொண்டு சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஒப்புகையுடன் கூடிய தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மறுத்தால் சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 83-இன்படி, மீட்பு வழக்குப் போடக்கூடிய அதே கோர்ட்டில் அவர் கணக்குக்குப் பணத்தைக் கட்டிவிடலாம். கோர்ட் அவருக்குத் தகவல் அனுப்பும். அசல் ஒத்திப் பத்திரத்தைக் கோர்ட்டில் ஒப்படைத்தால்தான் அவர் பணத்தை எடுக்க முடியும். அப்படியும் அசையவில்லை என்றால் மீட்பு வழக்கு. பணம் ஏற்கெனவே கோர்ட்டில் கிடப்பதால் உங்கள் நாணயத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

டைல்ஸ் செலவு. பத்திரத்தில் இதைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால், அவர் தன் வசதிக்காகச் செய்த மேம்பாட்டுக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. வீடு சேதமாகாமல் காக்க அவசியமாகச் செய்ததற்குத் தர வேண்டிவரும். நம் கடற்கரையில் இந்த வித்தியாசம் முக்கியம். உப்புக்காற்றில் சீலிங் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமென்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து திரும்பப் பூசியிருந்தால் அந்தச் செலவு நியாயமானது, பில்லைப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். இருந்த சிமென்ட் தரை நன்றாக இருக்க அதன்மேல் வழவழ டைல்ஸ் ஒட்டியது அந்தக் கணக்கில் வராது. ஒத்திக்காரர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. பதியாத பேப்பரில் பணத்தைக் கொடுத்துவிட்டு, விட்டால் பணம் போய்விடுமோ என்று பயந்தே வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். டிடியைக் கண்ணில் காட்டினாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: உள்ளே ஒத்தி, வெளியே "வாடகை ஒப்பந்தம்". அட்வான்ஸ் 5 லட்சம், வாடகை 500 என்று புரோக்கர் எழுதித் தருவது. வாடகை என்று எழுதிவிட்டால் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் அந்த 2017 சட்டம் வந்துவிடும். 11 மாதம் போட்டால் பதிய வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குத்தான். எத்தனை மாதமானாலும் துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிந்தாக வேண்டும். காலி செய்யச் சொல்லி உத்தரவு வாங்க ரென்ட் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி, சொந்தக் குடியிருப்புக்குத் தேவை என்பவை அங்கே ஏற்கப்படும் காரணங்கள். ஆனால் எதிர்த்தரப்பு "இது வாடகையே இல்லை, ஒத்தி" என்று கிளப்பினால் விவாதம் அங்கேயே இழுக்கும்.

மாடி, யாத்திரிகர் விடுதி பற்றி. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உச்சிப்புளி, மண்டபம் பக்கமெல்லாம் "கடல் பார்த்த மனை, இப்போது கடலிலிருந்து 50 மீட்டர்தான் விட வேண்டும்" என்று சொல்லி விற்கிறார்கள். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் அந்த 50 மீட்டர், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் நெருக்கமுள்ள கிராமப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற கிராமப் பகுதிகளுக்கு 200 மீட்டர்தான். அதுவும் அந்த அறிவிக்கையின்படி கடலோர மேலாண்மை வரைபடம் திருத்தி ஒப்புதல் பெற்ற பிறகுதான். அதுவரை பழைய 2011 அறிவிக்கைதான் பொருந்தும். மனை அப்ரூவல் கிடைத்துவிட்டதாலேயே கடலோர அனுமதியும் கிடைத்ததாக ஆகாது. உங்கள் வீடு எந்த மண்டலத்தில், உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது கடல் எட்டும் எல்லையிலிருந்து) எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்பிடம் கேளுங்கள். ஊராட்சிப் பகுதியின் தடை எல்லைக்குள் இருந்தால், ஏற்கெனவே அனுமதியோடு கட்டிய வீட்டை அதே அளவில் பழுது பார்க்கலாம், மாடி எடுக்க முடியாது. அட்வான்ஸ் கொடுத்து மேஸ்திரியைப் பேசுமுன் இந்தப் பதில் எழுத்தில் கையில் இருக்கட்டும்.

சாவி வாங்கும் நாளில் அசல் ஒத்திப் பத்திரத்தையும் வாங்குங்கள். பத்திரத்தின் பின்புறம் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கினால் மட்டும் வில்லங்கத்திலிருந்து ஒத்தி போகாது. ஒத்தி தீர்ந்தது என்று தனி ரசீது எழுதி, அவரையே கூட்டிக்கொண்டு போய் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு மறுபடி வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் பில், வீட்டு வரி பாக்கியை டிடி கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அவர் காலத்து பாக்கி இருந்தால் அவர் பணத்தில் கழித்து, அந்தக் கணக்கையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.