எதிர்க்கட்சி தன் பொருளாதாரத் திட்டத்தைத் தேர்தலுக்கு முன்பே சொல்ல வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: ஆட்சியில் இல்லாத கட்சியிடம் நிதித்துறை அதிகாரிகளும் இல்லை, கோப்புகளும் இல்லை. அதனிடம் போய் முழுமையான பொருளாதாரத் திட்டத்தைக் கேட்பது நியாயமா, ஐயா?

பதில்: முழுத் திட்டத்தைக் கேட்பது நியாயமில்லை, கணக்கைக் கேட்பது நியாயம். எந்த வரியைக் கூட்டுவார்கள், எதைக் குறைப்பார்கள், எந்தச் செலவுக்கு முதலிடம் தருவார்கள், அதற்கான பணம் வரியிலிருந்து வருமா கடனிலிருந்து வருமா, இரண்டும் போதாமல் போனால் முதலில் எதைக் கைவிடுவார்கள் என்பவற்றை ஒரு கட்சி வாக்குக் கேட்கும் முன்பே சொல்லியாக வேண்டும். எந்த மாதத்தில், எந்தெந்த விலக்குகளுடன் என்பதை ஆட்சிக்கு வந்து கோப்புகளைப் பார்த்தபின் முடிவு செய்துகொள்ளலாம். மேலே சொன்னவற்றில் கடைசிக் கேள்விக்குத்தான் எந்தத் தேர்தல் அறிக்கையிலும் பதில் கிடைப்பது அரிது.

கேள்வி: முன்கூட்டியே சொன்னால் தோல்வி நிச்சயம் என்பதற்கு எல்லோரும் ஆஸ்திரேலியாவைத்தான் காட்டுகிறார்கள். அங்கே என்ன நடந்தது?

பதில்: பொருளாதாரப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ஜான் ஹியூசன், எதிர்க்கட்சித் தலைவராக 1991 நவம்பரில் 'ஃபைட்பேக்' என்ற பெயரில் 650 பக்கத் திட்டம் ஒன்றை வெளியிட்டார். 15 சதவீதச் சரக்கு சேவை வரியை விதித்து, பழைய மொத்த விற்பனை வரியை நீக்கி, வருமான வரியைக் குறைப்பது அதன் சாரம். தேர்தலோ 1993 மார்ச் 13ஆம் தேதிதான் நடந்தது. ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் ஆளுங்கட்சி தன் ஆட்சியைப் பற்றிப் பேசவே தேவையில்லாமல், அந்த 650 பக்கங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது. எதிர்ப்பு வலுத்ததும் 1992 டிசம்பரில் உணவுப் பொருள்களுக்கு ஹியூசன் விலக்கு அளித்தார். வினை அங்கேதான் விளைந்தது. தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், கடையில் வாங்கும் பிறந்தநாள் கேக்கின் விலை இந்த வரியால் ஏறுமா, இறங்குமா என்று கேட்டார்கள். அந்தக் கேக்குக்கு ஏற்கெனவே விற்பனை வரி உண்டா, மேலே அலங்காரம் உண்டா, மெழுகுவத்தி உண்டா என்று அவர் வகை பிரித்து விளக்கத் தொடங்கினார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. வரி விதிப்பே அப்படிச் சிக்கலாக இருந்தது. ஆனால் ஒரு கேக்குக்கே இவ்வளவு நீண்ட விளக்கம் என்றால் மாதச் செலவு என்னாகுமோ என்று வாக்காளர் எண்ணியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அந்தத் தேர்தலில் வென்ற பிரதமர் பால் கீட்டிங்கின் அரசு, சட்டமாகவே நிறைவேற்றி வைத்திருந்த வருமான வரிக் குறைப்பின் இரண்டாம் கட்டத்தைத் தள்ளிவைத்ததோடு, அதே ஆண்டு பட்ஜெட்டில் மொத்த விற்பனை வரியையும் உயர்த்தியது. ஹியூசனின் கட்சியோ பிறகு ஜான் ஹோவர்ட் தலைமையில் ஆட்சிக்கு வந்து, 1998 தேர்தலில் அதே வகை வரியை 10 சதவீதமாக வெளிப்படையாக முன்வைத்து, முன்பைவிட வெகுவாகக் குறைந்த பெரும்பான்மையுடன்தான் என்றாலும், வென்றது. 2000 ஜூலை 1 முதல் வரி நடைமுறைக்கும் வந்தது. ஆளுங்கட்சியாக இருந்து சொல்வதில் உள்ள வசதி அப்போது அதற்கு இருந்தது என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும், சொன்னதே தோல்விக்குக் காரணம் என்றால் 1998இன் முடிவை விளக்க முடியாது. சொன்னதை வீட்டுக் கணக்காக மாற்றிச் சொல்லத் தெரியாததுதான் ஹியூசனின் குறை என்பது என் கணிப்பு.

கேள்வி: மறைத்து வென்றுவிட்டு, பிறகு தேவையானதைச் செய்தால் நாட்டுக்கு நல்லதுதானே?

பதில்: பெரு நாட்டில் 1990இல் நடந்தது அதுதான். விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறிக்கொண்டிருந்த காலம். அதிபர் தேர்தலில் நின்ற எழுத்தாளர் மாரியோ வர்காஸ் யோசா, கடுமையான அதிர்ச்சி வைத்தியம் தேவை என்று வாக்காளரிடம் நேரடியாகச் சொன்னார். அந்த அதிர்ச்சி வேண்டாம் என்று சொல்லி எதிர்த்து நின்ற ஆல்பெர்த்தோ ஃபுஜிமோரி, ஜூன் மாத இரண்டாம் சுற்றில் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஜூலை 28ஆம் தேதி பதவியேற்றார். ஆகஸ்ட் 8ஆம் தேதி, அதாவது பதினோராவது நாளில், விலைக் கட்டுப்பாடுகளும் மானியங்களும் நீக்கப்பட்டு, பெட்ரோல் விலை ஒரே இரவில் பல மடங்கானது. விலையேற்றம் பின்னர் அடங்கியது என்பதும் உண்மை. ஆனால் அந்த மருந்து வேண்டாம் என்று வாக்களித்தவர்களுக்கே அது ஊட்டப்பட்டது; அடுத்த தேர்தலில் ஒரு கட்சி எதையாவது வேண்டாம் என்று சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்கள் கேட்டால், நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

கேள்வி: வங்கியில் பணிபுரிகிறேன். சிலவற்றை முன்பே சொன்னால் சந்தையே ஆட்டம் காணும். இரகசியம் என்று எதையும் வைக்கவே கூடாதா?

பதில்: வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். நாணய மதிப்பைக் குறைக்கப் போவதாக ஒரு கட்சி அறிவித்தால், வாக்குப்பதிவுக்கு முன்பே பணம் நாட்டைவிட்டுப் போய்விடும். வாகன வரியைக் குறைப்போம் என்று தேதியோடு சொன்னால், அந்தத் தேதிவரை வாகனம் விற்காது. பிரிட்டனில் 1997 மே 1ஆம் தேதி வென்ற தொழிற்கட்சி, மே 6ஆம் தேதியே வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாட்டின் மைய வங்கியான இங்கிலாந்து வங்கியிடம் ஒப்படைத்தது. அந்த முடிவைத் தேர்தலுக்கு முன் அது தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் வருமான வரி விகிதங்களை உயர்த்த மாட்டோம், இரண்டாண்டுகளுக்கு முந்தைய அரசின் செலவு வரம்புகளுக்குள்ளேயே நிற்போம் என்று அக்கட்சியின் நிதிப் பொறுப்பாளர் கார்டன் பிரவுன் அந்த ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார். குடும்பத்தின் பையைத் தொடும் செய்தி முன்கூட்டியே வந்தது. சந்தையைத் தொடும் செய்தி பின்னால் வந்தது. கோடு ஏறத்தாழ அங்கேதான் விழ வேண்டும்.

கேள்வி: 'கஜானா காலி, முந்தைய அரசு மறைத்துவிட்டது' என்று ஆட்சிக்கு வந்ததும் சொல்கிறார்களே, அதற்கு என்ன வழி?

பதில்: நியூசிலாந்து பட்டுத் தெளிந்தது. 1990இல் உபரி என்று காட்டப்பட்ட கணக்கு, ஆட்சி மாறியதும் பற்றாக்குறையாகத் தெரிந்தது. அதன்பின் 1994இல் வந்த சட்டம், தேர்தலுக்கு முன் அரசின் நிதிநிலையைத் திறந்து காட்டுவதைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவில் 1998 முதல், தேர்தல் ஆணை பிறந்த பத்து நாளுக்குள் அத்தகைய அறிக்கை வெளியாக வேண்டும்; அமைச்சருக்கு அதில் இடமில்லை, இரு துறைச் செயலாளர்களே பொறுப்பேற்று வெளியிடுகிறார்கள். நெதர்லாந்தில் 1986 முதல், சென்ட்ரால் பிளான்பூரோ என்ற அரசுப் பொருளாதார ஆய்வகம், விரும்பித் தரும் கட்சிகளின் திட்டங்களைக் கணக்கிட்டுப் பற்றாக்குறை எவ்வளவு, யாருடைய வாங்கும் திறன் கூடும், யாருக்குக் குறையும் என்று வெளியிடுகிறது. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: 2023 தேர்தலில் அந்தக் கணக்கீட்டுக்கே வராத கட்சிதான் அங்கே அதிக இடங்களைப் பிடித்தது.

கேள்வி: நல்ல யோசனையை ஆளுங்கட்சி திருடிக்கொண்டால்?

பதில்: திருடட்டும், மக்களுக்கு நன்மை சீக்கிரம் கிடைக்கும். 2007 அக்டோபர் முதல் நாள் பிரிட்டனின் எதிர்க்கட்சி வாரிசுரிமை வரி வரம்பை உயர்த்துவதாக அறிவித்தது. எட்டே நாளில் அரசும் தம்பதியருக்கான வரம்பை உயர்த்தியது. அதனால் எதிர்க்கட்சி ஒன்றும் நலிந்துவிடவில்லை.

கேள்வி: தேர்தல் அறிக்கையின் பொருளாதாரப் பகுதியை அரை மணி நேரத்தில் படிக்க, சாதாரண வாக்காளருக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: கடைசிப் பத்திகளிலிருந்து தொடங்குங்கள். 'வீண்செலவைக் குறைத்து, வரி ஏய்ப்பைத் தடுத்து இதற்கான நிதி திரட்டப்படும்' என்ற வாக்கியம் எங்கோ ஓர் இடத்தில் நிற்கும். அந்த ஒற்றை வாக்கியத்தின் தலையில் எத்தனை வாக்குறுதிகளைச் சுமத்தியிருக்கிறார்கள் என்று பென்சிலால் எண்ணுங்கள். அடுத்து வினைச்சொற்களைப் பாருங்கள்: 'வழங்கப்படும்' என்பது வாக்குறுதி, 'பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்', 'குழு அமைக்கப்படும்' என்பவை வேறு. பிறகு, யார் எதைப் பெறுவார் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், யார் எதை இழப்பார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இருந்தால், நீங்கள் எதிர்க்கும் கட்சியாக இருந்தாலும், அறிக்கையின் மீதியையும் பொறுமையாகப் படியுங்கள்.