வினைச்சொல் வெட்டுப்படும் பொத்தான்கள்: இணைய முகப்பு வடிவமைப்பு கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு பன்னிரண்டு ஆண்டுகளாக இணையதளங்களின் முகப்புப் பகுதியை, அதாவது பார்ப்பவர் திரையில் காணும் பகுதியை, எழுதிவருகிறேன். சித்தூர் வட்டத்தில் எனக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே பக்கம் தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. கேரள எல்லையோரத் தமிழ் ஊர்களில் இதே தொழிலில் இருப்பவர்களும், புதிதாக நுழைபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெளிந்ததை இங்கே பதிலாக எழுதியிருக்கிறேன்.

வேலந்தாவளம், காய்கறி வணிகருக்குத் தளம் செய்பவர்: அக்கா, ஆங்கிலத்தில் பொத்தான்கள் கச்சிதமாக நிற்கின்றன. தமிழுக்கு மாற்றியதும் எழுத்து வெளியே வழிகிறது, அல்லது மூன்று புள்ளியோடு வெட்டுப்படுகிறது. எழுத்தின் அளவைக் குறைத்துவிடலாமா?

வேண்டாம், தம்பி. அளவைக் குறைத்தால் பொத்தான் தப்பித்துவிடும், படிப்பவர் சிக்கிக்கொள்வார். இதே தவற்றை நானும் ஒரு முறை செய்திருக்கிறேன் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விண்ணப்பப் படிவத்தின் அடியில் "விண்ணப்பத்தைச் சமர்ப்பி", "விண்ணப்பத்தை ரத்துசெய்" என்று இரண்டு பொத்தான்களை அருகருகே வைத்து, இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி வரட்டும் என்று எழுதிவிட்டேன். என் மேசையில் இருந்த பெரிய திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. சிறிய கைப்பேசியில் திறந்து பார்த்தபோது இரண்டு பொத்தான்களும் "விண்ணப்பத்…" என்றே நின்றன. எது அனுப்புவது, எது அழிப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆங்கிலக் கட்டளையில் வினைச்சொல் முன்னால் நிற்கும், அதனால் வால் வெட்டுப்பட்டாலும் பொருள் நிற்கும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, வெட்டு விழுவதும் அங்கேதான். ஆகவே வினை தாங்கிய எந்த இடத்திலும் மூன்று புள்ளி வெட்டைப் பயன்படுத்தாதீர்கள். பொத்தானுக்குக் குறிப்பிட்ட அகலத்தைக் கொடுக்காமல் எழுத்தைச் சுற்றிய இடமான உள்வெளியை மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் எழுத்து இரண்டு வரியாக மடங்க விடுங்கள். அதற்கும் முன்பாகச் சொல்லையே திருத்துங்கள். "அனுப்பு", "ரத்து" என்று எழுதினால் பாதிச் சிக்கல் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திறக்காமலே தீர்ந்துவிடும்.

உங்கள் விலைப்பட்டியலில் வேறொரு சிக்கலும் வரும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸில் இருக்கும் ஒரு பெட்டி, தனக்குள் இருக்கும் மிக நீளமான சொல்லின் அகலத்துக்குக் கீழே இயல்பாகச் சுருங்காது. "சேனைக்கிழங்கு", "கொத்தவரங்காய்" போன்ற சொற்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய், பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் நகரச் செய்வது இதனால்தான். அந்தப் பெட்டிக்கு மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் என்று கொடுத்து, நீளச் சொல்லை மடக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் என்பதற்கு 'எனிவேர்' என்ற மதிப்பைக் கொடுங்கள். 'பிரேக்-வேர்ட்' மதிப்பும் சொல்லை உடைக்கும் என்றாலும், குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது அந்த உடைப்பைச் சேர்த்துக்கொள்ளாது, 'எனிவேர்' சேர்த்துக்கொள்ளும். உலாவி எழுத்தின் நடுவே வெட்டாது, கொம்பும் காலும் தம் மெய்யோடு சேர்ந்தே மடங்கும். செய்தித்தாளின் குறுகிய பத்திகளில் சொல் பாதியில் மடங்குவது நம் வாசகர்களுக்குப் பழகிய காட்சி என்பதால் இதில் தயக்கம் வேண்டியதில்லை.

பாலக்காடு, அச்சகத்திலிருந்து இணையத்துக்கு வந்த வடிவமைப்பாளர்: தமிழும் மலையாளமும் ஒரே பக்கத்தில் வரும்போது ஒன்று பருத்தும் மற்றொன்று மெலிந்தும் தெரிகிறது. எந்த எழுத்துருக்களைச் சேர்த்து வைக்கலாம்?

அச்சில் பழகிய கண் என்பதால் இது உங்களுக்கு உடனே உறுத்தியிருக்கிறது. பலருக்கு உறுத்துவதே இல்லை. இரண்டு மொழிக்கும் தனித்தனியாக எழுத்துரு தேடாமல், ஒரே குடும்பமாக வரையப்பட்டவற்றைத் தேடுங்கள். தலைப்புகளுக்கு மும்பையின் ஏக் டைப் வரைந்த பலூ குடும்பம் எனக்குப் பிடித்தது. தமிழுக்கு பலூ தம்பி, மலையாளத்துக்கு பலூ சேட்டன், தெலுங்குக்கு பலூ தம்முடு என்று பெயரிலேயே உறவு வைத்திருக்கிறார்கள். நீண்ட உரைக்கு அது பருமன் மிகுந்தது. உரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழும் நோட்டோ சான்ஸ் மலையாளமும் பாதுகாப்பான இணை. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு வெளியிட்ட மீரா என்ற மலையாள எழுத்துருவுக்குத் துணையாகத் தமிழில் மீரா இனிமையையும் அதே குழு வெளியிட்டிருக்கிறது. எல்லை ஊர்க்காரர்களாகிய நமக்கென்றே செய்ததுபோல் அந்த இணை எனக்குத் தோன்றும். ஆனால் மீரா இனிமையில் ஒரே தடிப்புதான் உண்டு, எனவே தலைப்புக்கு வேறொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

வெவ்வேறு குடும்பங்களைத்தான் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தால், எழுத்துருவை அறிவிக்கும் இடத்தில் சைஸ்-அட்ஜஸ்ட் என்ற பண்பை விழுக்காட்டில் கொடுத்து ஒன்றை மற்றொன்றின் உயரத்துக்குக் கொண்டுவரலாம். "கடை" என்பதையும் அதே பொருளில் வரும் மலையாளச் சொல்லையும் ஒரே வரியில் பெரிதாக எழுதிவைத்து, உடல் உயரம் ஒத்துவரும்வரை விழுக்காட்டை நகர்த்திப் பாருங்கள். இது கணக்கில் வருவதல்ல, கண்ணில் வருவது.

வரி இடைவெளி இன்னும் முக்கியம். 1971இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பழைய வடிவத்தைப் பின்பற்றும் மலையாள எழுத்துருக்களில் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும். மஞ்சரி அப்படிப்பட்டது. தமிழில் அடுக்கு இல்லை, ஆனால் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உண்டு. ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.2 மடங்கில் மேல் வரியின் "ழு" கீழ் வரியின் "ம்" மீது உட்காரும். நான் தமிழுக்கு 1.6, அடுக்கெழுத்து மலையாளத்துக்கு 1.7 அல்லது 1.8 என்று தொடங்குவேன். உயரம் கட்டிப்போட்ட உள்ளீட்டுப் பெட்டிகளில் புள்ளி காணாமல்போவதும் இதே காரணத்தால்தான்.

மூணாறு, தங்கும் விடுதிகளுக்குத் தளம் செய்பவர்: மலையில் சிக்னல் குறைவு. தமிழ் எழுத்துருவை இறக்கினாலே பக்கம் தாமதமாகிறது. என்ன செய்யலாம், அக்கா?

முதலில், இறக்கத்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் நோட்டோவின் தமிழும், விண்டோஸில் நிர்மலா யுஐயும், ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கமும் ஏற்கெனவே இருக்கின்றன. அறை வாடகையும் தொலைபேசி எண்ணும் தெரிய வேண்டிய பக்கத்துக்கு அவை போதும் என்பது என் தீர்மானமான கருத்து. இறக்கியே ஆக வேண்டுமென்றால் சுருக்கப்பட்ட எழுத்துருக் கோப்பான வாஃப்2 வடிவில் இறக்குங்கள். எந்த எழுத்துகளுக்கு எந்தக் கோப்பு என்று சொல்லும் யூனிகோட்-ரேஞ்ச் பண்பில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் எல்லை பிரித்துவிட்டால், தமிழ் எழுத்து இல்லாத மலையாளப் பக்கத்தைத் திறப்பவருக்குத் தமிழ்க் கோப்பு இறங்காது. ஃபான்ட்-டிஸ்ப்ளே பண்புக்கு 'ஸ்வாப்' என்று கொடுத்தால் எழுத்துரு வரும்வரை கருவியின் எழுத்திலேயே உரை தெரியும்.

ஆனால் உங்கள் தாமதத்துக்குக் காரணம் எழுத்துரு மட்டுமாக இருக்காது என்றே நினைக்கிறேன். தேயிலைத் தோட்டப் படத்தைக் கைப்பேசியில் எடுத்தபடியே முகப்பில் வைத்திருக்கிறீர்களா? அதை குறைந்த எடையுள்ள வெப்-பி அல்லது ஏவிஃப் பட வடிவுக்கு மாற்றி, அகல உயரங்களைக் குறிப்பிட்டு வையுங்கள். முதல் திரையில் வரும் பெரிய படத்துக்கு, பார்ப்பவர் அருகே வந்தபின்தான் படத்தை இறக்கும் சோம்பல் ஏற்றத்தைக் கொடுக்காதீர்கள், கீழே உள்ளவற்றுக்குக் கொடுங்கள். பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். குரோம் உலாவியின் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில் வேகத்தைக் குறைத்துவைத்து அதைச் சோதிக்கலாம்.

பாறசாலை, படிவங்கள் எழுதுபவர்: பெயருக்கு 15 எழுத்து வரை என்று வரம்பு வைத்தேன். பாலகிருஷ்ணமூர்த்தி என்ற பத்து எழுத்துப் பெயரை ஏற்க மறுக்கிறது.

நம் எழுத்து வேறு, கணினி எண்ணும் குறி வேறு. "பா" நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு பகரமும் காலும் சேர்ந்து இரண்டு. அந்தப் பெயரில் பத்து எழுத்துகள், 18 குறிகள். பதினைந்தாவது குறியில் நிறுத்தினால் "பாலகிருஷ்ணமூர்த" என்று பெயர் பாதியில் நிற்கும். "வணக்கம்" என்பதில் ஐந்து எழுத்துகள், ஏழு குறிகள், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 21 பைட்டுகள்.

மேக்ஸ்லெங்த் என்ற நீள வரம்பை எடுத்துவிட்டு, இன்டெல் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியால் எழுத்துகளை எண்ணுங்கள். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றதிலிருந்து முன்னணி உலாவிகள் அனைத்திலும் அது இருக்கிறது. அது "க்ஷ" என்பதை க், ஷ என்று இரண்டாகவே எண்ணும், அதை மட்டும் நினைவில் வையுங்கள். என்னைக் கேட்டால் பெயருக்கு வரம்பே கூடாது. தன் பெயர் நீளம் என்று ஒரு படிவம் ஒருவரிடம் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மீனாட்சிபுரம், பழைய விழா மலர்களை இணையத்தில் ஏற்றுபவர்: பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். ஆனால் தேடினால் சில சொற்கள் மட்டும் கிடைப்பதில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயல்பாடு இதைச் சீராக்கிவிடும். அடுத்தது, அதனால் சீராக்க முடியாதது: "ஔ" என்ற ஒரே எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு "ஒளவையார்" என்று எழுதியிருப்பார்கள். இதைச் சொல் சொல்லாகத் தேடித்தான் திருத்த வேண்டும். கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் மாற்றினால் "ஒளி" என்பதும் கெட்டுவிடும். மலர்களில் மலையாளப் பகுதி இருந்தால் உயிர் சேராத மெய்களுக்கான தனி வடிவங்களான சில்லெழுத்துகளையும் பாருங்கள். அவற்றுக்குத் தனிக் குறிகள் யூனிகோடில் 2008இல்தான் வந்தன, அதற்கு முந்தைய கோப்புகளில் அவை வேறு முறையில் எழுதப்பட்டிருக்கும்.

ஆரியங்காவு, கல்லூரி மாணவி: ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்திலிருந்து தொடங்கலாமா, அக்கா? வலையில் கிடைக்கும் பாடங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் ஆறு மாதம் ஊன்றி நில்லுங்கள், அம்மா. கிரிட், கன்டெய்னர் குவெரி, ஹேஸ் தெரிவி ஆகிய சிஎஸ்எஸ் வசதிகள் வந்தபின், முன்பு ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பலவற்றைச் சிஎஸ்எஸ்ஸிலேயே முடித்துவிடலாம். பிறகு ரியாக்டுக்குப் போகும்போது, கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியில் தொடங்கும் பாடங்களை ஒதுக்கிவிடுங்கள். 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வீட் (Vite) என்ற கருவி கொண்டு தொடங்குங்கள்.

சித்தூர், பள்ளி ஆசிரியர்: தமிழில் சாய்வெழுத்து பார்க்க நன்றாக இல்லையே?

பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வரையப்பட்டிருக்காது, ஐயா. உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது. மொழி தமிழ் என்று குறித்த இடங்களில் சாய்வை நீக்கி, தடிப்பைச் சற்றுக் கூட்டுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, அக்ஷயா என்ற கேரள அரசின் இணையச் சேவை மையத்தில் பணிபுரிபவர்: வயதானவர்கள் வாசலில் வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளே வருகிறார்கள். இதற்கு வடிவமைப்பாளர்கள் ஏதேனும் செய்ய முடியாதா?

முடியும், செய்யவும் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் 2.85க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைத்தான் தருகிறது. சர்வதேச இணைய அணுகல் நெறி (WCAG) கேட்பது 4.5. 767676 அதை மயிரிழையில் தொடும். தமிழ் எழுத்தில் வளைவுகள் நெருக்கமாக இருப்பதால், வெயிலில் படிக்க வேண்டியதற்கு நான் 333333க்கு மேல் வெளிற விடுவதில்லை. தொடும் இடங்களுக்கு நெறியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு 24 பிக்சல் (திரைப்புள்ளி) அகல உயரத்தைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. அது போதாது, 44 வையுங்கள் என்று என்னிடம் வேலை கற்பவர்களிடம் சொல்வேன்.

மொழி மாற்றும் இடத்தில் கொடியையோ பூமிப்பந்துப் படத்தையோ வைக்காமல், தமிழைத் தமிழ் எழுத்திலும் மலையாளத்தை மலையாள எழுத்திலும் எழுதி, பக்கத்தின் மேல் மூலையில் எப்போதும் தெரியும்படி வைக்க வேண்டும். நம் பகுதியில் மலையாளம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்கள் ஏராளம். பக்கத்தின் மொழியை லாங் பண்பில் சரியாகக் குறித்தால், திரைவாசிப்பு வசதி தமிழைத் தமிழ்க் குரலிலேயே படித்துக் காட்டும். உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்: அடுத்த முறை ஒருவர் உள்ளே வரும்போது, எந்தப் பக்கத்தில் எந்தச் சொல்லருகே விரல் நின்றது என்று குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தைச் செய்தவர் யார் என்று விசாரித்து நானே பேசுகிறேன்.