தெரியாத மொழியில் பாடுவது: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாயின் 'இன் த மூட் ஃபார் லவ்' படத்தில் வரும் 'கிசாஸ், கிசாஸ், கிசாஸ்' பாட்டு மனதை விட்டுப் போகவே இல்லை. தேடிப் பார்த்தால், பாடியவர் அமெரிக்க ஜாஸ் பாடகர் நாட் கிங் கோல். அவர் ஸ்பானிய மொழியில் பாடிய 'கோல் எஸ்பான்யோல்' ஆல்பத்தை இப்போது தினமும் கேட்கிறேன். ஸ்பானிய மொழி படித்த நண்பர் ஒருவர், "அவருக்கு அந்த மொழியே தெரியாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார். லத்தீன் அமெரிக்கச் சந்தைக்காகப் போட்ட தட்டு" என்கிறார். மொழி தெரியாமல் பாடுவதில் உண்மை இருக்க முடியுமா?

கே.

அன்புள்ள கே.,

நண்பர் சொன்ன தகவல்களில் பிழையில்லை. கோலுக்கு ஸ்பானிய மொழி பேச வராது. வரிகளை ஒலியாகக் கேட்டுப் பழகித்தான் பாடினார். சந்தையும் உண்மைதான். அவருடைய மேலாளர் கார்லோஸ் காஸ்டெல் ஹோண்டுராஸில் பிறந்தவர். தெற்கே எவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

ஆனால் அந்தப் பாட்டுகளை கோல் எப்படி அணுகினார் என்று பாருங்கள். 1956இல் கியூபாவுக்குப் பாடப் போனபோது, கறுப்பர் என்பதால் ஹவானாவின் ஹோட்டல் நாசியோனாலில் அவருக்கு அறை தரவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில்தான், அவர் பிறந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்மீது வெள்ளை இனவெறியர்கள் பாய்ந்தார்கள். ஹோட்டலில் அறை மறுக்கப்பட்டும், ஒப்புக்கொண்டபடி ஹவானாவின் ட்ரோபிகானா இரவு விடுதியில் பாடினார். மறுபடியும் கியூபாவுக்குப் போனார். 1958இல் இந்த ஆல்பத்துக்காக ஹவானாவில் அவரோடு வாசித்தது ட்ரோபிகானாவின் அர்மாந்தோ ரொமேயு இசைக்குழு. வெறும் வியாபாரம்தான் என்றால் ஹாலிவுட் ஸ்டுடியோவிலேயே எல்லாவற்றையும் முடித்திருக்கலாமே!

இனி பாட்டுக்கு வருவோம். ஒஸ்வால்தோ ஃபாரேஸ் எழுதிய 'கிசாஸ்' பாட்டில் காதலன் எப்போது, எப்படி, எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதிலாக "கிசாஸ்", அதாவது "ஒருவேளை" மட்டும்தான் வருகிறது. வேறு பாடகர்கள் இந்த இடத்தில் கெஞ்சுவார்கள், இல்லையென்றால் கோபப்படுவார்கள். கோல் இரண்டும் செய்வதில்லை. குரலை ஏற்றாமல், காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். பதில் கிடைக்காது என்று தெரிந்தபிறகும் கேட்கிறவனின் மரியாதை அதில் இருக்கிறது. இதைக் கிளிப்பிள்ளை செய்யாது.

உச்சரிப்பில் குறை உண்டு. ஸ்பானிய 'ர்' நாக்கு நுனியில் அதிர வேண்டும்; அவரிடம் அது மழுங்கிவிடுகிறது. 'ஓ' என்று நிற்க வேண்டிய உயிரெழுத்து அமெரிக்க வழக்கப்படி கொஞ்சம் வழுக்குகிறது. ரிச்சர்ட் எகூயெஸின் 'எல் போதெகேரோ' மாதிரியான சா-சா-சா என்கிற கியூப நடனப் பாட்டில் இது நன்றாகவே தெரியும். மளிகைக்கடைக்காரர் ஆடுகிற அந்தப் பாட்டை கியூபாவின் ஓர்கெஸ்தா அராகோன் குழு பாடிக் கேட்டவர்களுக்கு கோலின் பாட்டு இன்னும் அந்நியமாகப் படலாம். பொலேரோ என்கிற மெதுவான காதல் பாட்டுகளில் கதையே வேறு. ஆங்கிலத்திலும் கோல் ஒரு சொல்லையும் விழுங்கியதில்லை, அசை அசையாகத் துலக்கிப் பாடுகிறவர். ஸ்பானிய மொழிக்கும் அதுதான் வேண்டும். அப்புறம், அவர் முதலில் ஒரு பெரிய பியானோக் கலைஞர். தாளத்தின்மேல் எங்கே உட்கார வேண்டும், எங்கே ஒரு இழை பின்தங்க வேண்டும் என்பதில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

உச்சரிப்புத்தான் முக்கியம் என்றால் அமெரிக்கப் பாடகி எய்டி கோர்மே, த்ரியோ லோஸ் பாஞ்சோஸ் குழுவோடு 1964இல் பாடிய 'அமோர்' ஆல்பத்தை நண்பருக்குக் கொடுங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்தவர். செஃபார்டிய (ஸ்பெயினில் வேர்கொண்ட) யூதக் குடும்பம் என்பதால் வீட்டிலேயே ஸ்பானிய மொழி புழங்கியது. அருமையான ஆல்பம். அதைக் கேட்டபிறகும் நான் கோலிடம்தான் திரும்பி வருகிறேன்.

அடுத்து ரியோ டி ஜெனிரோவில் 1959இல் பதிவு செய்த 'அ மிஸ் அமிகோஸ்' கேளுங்கள். அதில் வெனிசுவேலாவின் செலீக்கே சராபியா எழுதிய 'அன்சியேதாத்' மட்டுமே போதும். 1962இல் வந்த 'மோர் கோல் எஸ்பான்யோல்' எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. பழக்கப்பட்ட பாதையில் நடக்கிற களைப்பு அதில் இருக்கிறது. அவருடைய மகள் நாட்டலி கோல் 2013இல் தன் ஸ்பானிய ஆல்பத்தில், அப்பாவின் பழைய பதிவோடு தன் குரலைச் சேர்த்து 'அசெர்காதே மாஸ்' பாடியிருக்கிறார். நண்பரோடு சேர்ந்து கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.